தெற்கு எல்லை: ஒழுங்கை

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் புவியியல் வாத்தியார் அதைக் கரும்பலகையில் எழுதியும் போட்டார். அவருடைய வீடு இருந்ததே ஆற்றங்கரையில்தான். மாரி காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்த ஆற்றைக் கடந்து வருவார். காலைத் துடைத்துவிட்டு வகுப்புக்குள் வந்து இங்கே ஆறு இல்லை என்பார். நாங்களும் அதே ஆற்றைத் தாண்டி வந்த பிள்ளைகள்தான். ஈரப் பாவாடையோடு இருந்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பரீட்சையிலும் அந்தக் கேள்வி வந்தது. எனக்குச் சரி போட்டிருந்தார்கள்.

வழுக்கையாறு என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைத்தண்ணீரெல்லாம் ஒன்று சேர்ந்து, கந்தரோடை, சங்குவேலி என்று மெதுவாக இறங்கி, அராலியில் போய்க் கடலோடு சேரும். வருடத்தில் இரண்டு மாதம் ஓடும். மிஞ்சினால் மூன்று. மற்ற மாதங்களில் அது வெறும் பள்ளம். அதற்குள் மாடு கட்டுவார்கள், பெடியன்கள் பந்தடிப்பார்கள், கந்தோருக்குப் போகிறவர்கள் குறுக்கு வழியாகச் சைக்கிள் ஓடுவார்கள். பத்து மாதம் பள்ளமாகக் கிடப்பதை இரண்டு மாத ஓட்டத்துக்காக ஆறு என்று சொல்ல எங்கள் சனத்துக்கு மனம் வரவில்லை. ஓடுகிற இரண்டு மாதமும் "வெள்ளம் நிக்குது" என்பார்களே தவிர, ஆறு ஓடுகிறது என்று ஒருவர் வாயிலும் வராது.

மானிப்பாய்ப் பக்கத்தில், அந்தப் பள்ளத்தின் வடகரையில் எங்கள் வளவு, வீடும் தோட்டமுமாக, இருந்தது. எங்கள் பகுதி பட்டணமும் இல்லை, கிராமமும் இல்லை. காலை ஏழரை பஸ்ஸில் ஆண்களில் பாதிப் பேர் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். அரசாங்கக் கச்சேரி, வங்கி, தபால் கந்தோர் என்று எங்கே பார்த்தாலும் எங்கள் சந்தில், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் குடையும் சாப்பாட்டுப் பார்சலுமாக இருப்பார். பின்னேரம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றியதும் அதே ஆள் மண்வெட்டியோடு கத்தரிக்குப் பாத்தி கட்டுவார். காசு விஷயத்தில் பட்டணத்தான், காணி விஷயத்தில் கமக்காரன். இரண்டிலும் உள்ள கெட்ட குணங்களை மட்டும் கவனமாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தோம் என்று நான் சொன்னால் என் சொந்தக்காரர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

ஆற்றங்கரை என்பது எங்களுக்குப் பெருமை இல்லை. பள்ளக்காணி என்றால் விலை இல்லை, சீதனத்துக்கும் மதிப்பில்லை. அதனால் கலியாணம் பேச வருகிறவர்களிடம் "றோட்டிலையிருந்து ரண்டாவது ஒழுங்கை" என்றுதான் விலாசம் சொல்வோம். ஆனால் ஐம்பத்தாறுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த இரண்டாம் வருடம் கலவரமும் வந்தது. தெற்கில் உத்தியோகம் பார்த்தவர்கள் மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்குக் கிட்டவாக ஒரு துண்டு காணி எல்லாருக்கும் வேண்டியிருந்தது. பள்ளமும் மேடும் ஒன்றாகிவிட்டன. அந்தக் காலத்தில்தான் ஆறு மெலியத் தொடங்கியது.

அது எப்படி மெலிந்தது என்பதை வெளியூர் ஆட்களுக்கு விளக்க வேண்டும். ஆவணி வெயிலில் நாங்கள் வேலி அடைப்போம். பூவரசும் கிளுவையும் கதியாலாக, துளிர்க்கிற கம்புகளாக, நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, ஓலை வைத்து அடைக்கிற வேலி. வருடத்துக்கு ஒருமுறை பழைய ஓலையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அப்போது பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதுக் கதியால் நடுவார்கள். அதைப் பழைய குழியிலேயே நட வேண்டும் என்று சட்டமா என்ன? அயல்வீட்டுப் பக்கமாக ஒரு சாண் தள்ளி நட்டால் வழக்கு வரும். தகப்பன் தொடங்கிய வேலி வழக்கைப் பேரன் நடத்துகிற ஊர் இது. ஆனால் ஆற்றுப் பக்கமாகத் தள்ளி நட்டால் யார் கேட்பது? ஆறு வழக்குப் போடாது.

என் அப்பா கச்சேரியில் கிளாக்கர். கந்தோர்ப் பென்சில் ஒன்று தவறிச் சட்டைப் பையில் வந்துவிட்டால் மறுநாள் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் ஒவ்வோர் ஆவணியும் கதியாலை ஒரு சாண் தெற்கே வைத்தார். அம்மா ஒருமுறை கேட்டபோது, "ஆறு என்னட்டை வந்து முறைப்பாடு சொல்லேல்லையே" என்றார். எதிர்க்கரைக்காரரும் தன் பக்கத்திலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்தார். எனக்கு இருபது வயதாகும்போது, இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று விலத்திப் போகிற அகலம்தான் மிச்சம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதுதான். ஆறு மழைக்காலத்தில் கிணறுகளை ஊற வைத்தது. அந்த நன்றிக்கு நாங்கள் அதை ஒழுங்கை ஆக்கினோம்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் வேலை. வீட்டோடு காணி கேட்டார்கள். அப்பா எங்கள் வளவின் தெற்குப் பகுதியை, அதாவது ஆற்றிடமிருந்து சாண் சாணாக வாங்கிய பகுதியையும் சேர்த்து, இரண்டாகப் பிரித்தார். மேற்குத் துண்டு எனக்குச் சீதனம். கிழக்குத் துண்டை விற்று என் துண்டில் வீடு கட்டுவது என்று முடிவாயிற்று.

அதை வாங்க வந்தவர் ஒரு ரீச்சர். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்து வந்தவர். முப்பது வயதிருக்கும். கைக்குழந்தையும் நாலு வயது மகனும். சொந்த ஊர் வடக்குக் கடற்கரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே. கடலோடிக் குடும்பம். புருஷன் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. முன்னொரு புயலில் கடல் ஏறி வந்து அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோயிருந்தது. புருஷன் கப்பலில் உழைத்ததும் தன் சம்பளமும் தாலிக்கொடியும் சேர்த்துத்தான் இந்தக் காணியை வாங்க வந்திருந்தார்.

"கடலோடை பட்டது காணும், தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். "இனித் தண்ணி வராத இடமாப் பாத்து இருக்க வேணும். பிள்ளையளை வைச்சுக்கொண்டு இன்னொருக்கா என்னாலை ஏலாது."

அப்போது சித்திரை மாதம். பள்ளம் காய்ந்து, சைக்கிள் தடங்களோடு நல்ல பிள்ளையாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக் கேட்டார்: "மாரியிலை இந்த ஒழுங்கையாலை தண்ணி வருமோ?"

"கொஞ்சம் வரும், ரீச்சர். வந்த மாதிரிப் போயிடும்" என்றேன். அதில் பொய் என்று பிடிக்க ஒரு சொல் கிடையாது. அதை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் என்மேல் ஆத்திரம்.

காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்குக் கொடுக்க எல்லை விபரத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லி அப்பா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் என் எழுத்துத்தான் அழகு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வடக்கு, அப்பாவின் காணி. மேற்கு, மகளின் காணி. கிழக்கு, அயல்வீட்டுக்காரர். தெற்கு என்றதும் அவர் சொல்லாமலே நான் எழுதத் தொடங்கினேன். எங்கள் பழைய உறுதி எல்லாவற்றிலும் தெற்கு எல்லை வழுக்கையாறு என்றுதான் இருக்கும். ஆறு எங்கே தொடங்குகிறது என்று அந்த உறுதிகளில் இல்லை. அதுதான் இத்தனை வருடமும் எங்களுக்கு வசதியாக இருந்தது.

"பொறு" என்றார் அப்பா. "ஒழுங்கை எண்டு எழுது."

"ஆறல்லோ, அப்பா?"

"ஆர் இப்ப உதை ஆறெண்டுறது? சனம் சைக்கிள் ஓடுது. ஒழுங்கை எண்டு எழுது, பிள்ளை."

அரைகுறையாக எழுதிய சொல்லை வெட்டினால் அழகில்லை என்று புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். தெற்கு, ஒழுங்கை. எழுதும்போது என் கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை. கூறைச்சேலைக்கு என்ன நிறம் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நொத்தாரிசு பழைய உறுதியையும் பார்த்தார், என் தாளையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வீடும் அதே ஆற்றங்கரையில்தான்.

இரண்டு வீடும் ஒரே வருடம் எழும்பின. என் வீட்டு அத்திவாரத்தை அப்பா நாலடி உயர்த்தினார். ஏன் இவ்வளவு உயரம் என்று ரீச்சர் கேட்டதற்கு, "நல்லாக் காத்து வரும்" என்றார். ரீச்சருடைய அத்திவாரம் ஒன்றரை அடி. ஒழுங்கையோரத்து வீட்டுக்கு அது போதும்தானே. கையில் இருந்ததற்குத் தக்கபடி, கல்லைக் களிமண்ணில் வைத்துக் கட்டி, மேலே மட்டும் சீமெந்து பூசினார். அப்படிக் கட்டிய வீடுகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு, நூறு வருடம் நிற்கும். தண்ணீரில் ஊறினால் மட்டும் நிற்காது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எழுபதுகளில் எங்கள் பகுதிக்கு மதில் பைத்தியம் பிடித்தது. வேலி நாட்டுப்புறம், மதில்தான் நாகரிகம் என்று எல்லாரும் காங்கேசன்துறைச் சீமெந்தை வாங்கி அச்சில் வார்த்துக் கல் அரிந்தார்கள். என் துண்டைச் சுற்றியும் அப்பா மதில் எழுப்பினார். ஆற்றுக்குள் தள்ளிப் போயிருந்த வேலி நின்ற இடத்திலேயே, ஓரங்குலம் பின்வாங்காமல். இதன் அர்த்தம் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஓலை வேலி என்றால் தண்ணீர் அதற்குள்ளால் புகுந்து தன் பாட்டில் போய்விடும். நாங்கள் ஆற்றைத் திருடியபோதுகூட அது வேலிக்குள்ளால் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. மதில் கட்டியபோதுதான் உண்மையாக அடைத்தோம். மேலே கிழக்கிலிருந்து வருகிற தண்ணீர் ரீச்சரின் வளவைக் கடந்து என் கிழக்கு மதிலில் வந்து முட்ட வேண்டியதுதான். மூன்று நாலு வருடம் மழை குறைவு. முட்ட ஒன்றும் வரவில்லை.

என் மூத்த மகள் நடை பழகிய வருடம், கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை மழை விட்டுவிட்டது. வெயிலும் எறித்தது. அப்பாடா என்று உடுப்புக் காயப்போட்டேன். பத்து மணிபோல், வடக்கே பெய்ததெல்லாம் வந்து சேர்ந்தது. இரைச்சல் இல்லை, அலை இல்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் சும்மா உயர்ந்துகொண்டே வந்தது. எங்கள் விறாந்தையில் நின்று பார்த்தால், மதிலுக்கு இந்தப் பக்கம் கணுக்காலளவு. அந்தப் பக்கம் ரீச்சரின் யன்னல் கீழ்க்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ரீச்சர் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகள் இருவரையும் கொண்டுவந்து மதிலுக்கு மேலால் என்னிடம் தந்தார். கடற்கரைப் பெண், தண்ணீருக்குள் நடை அவ்வளவு நிதானம். பிள்ளைகளைத் தந்துவிட்டு ஏறி வருவார் என்று கையை நீட்டினேன். வரவில்லை.

"தங்கச்சி, இந்த மதிலை உடைச்சு ஒரு பொட்டு விட வேணும்" என்றார். "தண்ணிக்குப் போக வழியில்லை. களிமண் சுவர். பின்னேரம் வரையும் ஊறினா வீடு இருக்காது."

அதற்குள் அப்பா தன் வளவிலிருந்து வந்துவிட்டார். "மதிலை உடைச்சா வெள்ளம் முழுக்க இஞ்சாலையல்லோ வரும்?" என்றார். "கொஞ்சம் பொறுங்கோ, ரீச்சர். வந்த மாதிரிப் போயிடும்."

நான் சொன்ன அதே வசனம். ரீச்சர் அப்பாவை நேராகப் பார்த்தார்.

"ஐயா, ஒரு ஒழுங்கைக்கு இவ்வளவு தண்ணி எங்கையிருந்து வருது?"

அப்பா குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. செய்து மட்டும்தான் பழக்கம். மதில் என் காணியில் நின்றது. எழுத்து என்னுடையது. இனி யாரைப் பார்த்துக்கொண்டு நிற்பது?

"அது ஒழுங்கை இல்லை, ரீச்சர்" என்றேன். "ஆறு. எங்களுக்குத் தெரியும். நான்தான் உறுதிக்கு ஒழுங்கை எண்டு எழுதிக் குடுத்தனான்."

ரீச்சரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "முதல்லை மதிலை உடையும்" என்றார். "கதையைப் பிறகு பாப்பம்."

கொட்டிலில் இருந்த அலவாங்கை, கடப்பாரையை, எடுத்து வந்து குத்தினேன். நல்ல சீமெந்து. பொறிதான் பறந்தது. நாலாம் குத்தில் அப்பா வந்து அலவாங்கில் கை வைத்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்தேன். "விடு பிள்ளை, உனக்கு ஏலாது" என்று வாங்கி அவரே ஓங்கிக் குத்தினார். ஆண்டாண்டாகக் கதியால் நட்ட கை, எங்கே குத்தினால் எது அசையும் என்று அதற்குத் தெரியும். ஒரு கல் விழுந்தது, பிறகு மூன்று. தண்ணீர் எங்கள் காலை இழுத்துக்கொண்டு என் வளவுக்குள் பாய்ந்து, வாசல் படலையால் வெளியே ஓடியது. என் தோட்டம் போயிற்று, கிணற்றுக்குள் சேறு போயிற்று. ரீச்சரின் யன்னலில் நனைந்த கோடு கீழே கீழே தெரியத் தொடங்கியது.

மதிலை இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி உடைத்திருக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு, ரீச்சரின் சமையல் குசினியும் பின்னறையும் விழுந்தன. பெரிய சத்தமில்லை. ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருடைய மகன் என் விறாந்தையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, மதிலுக்கு அப்பால் நின்ற தாயைக் கூப்பிட்டு, "அம்மா, திரும்பவும் கடல் வந்திட்டுதோ?" என்று கேட்டான். நான் உள்ளே ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது.

முன்பக்கம் தப்பிவிட்டது. மூன்றாம் நாள் சேறு வாரப் போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு கூடையைத் தந்தார். இரண்டு பேரும் மத்தியானம் வரையும் வாரினோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அப்பா சொன்னது, கலியாணம் பொருந்தி வந்தது, ஊரே அப்படித்தான் சொன்னது என்று என்னென்னவோ வந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் ஆறு எண்டு எழுதியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டன்" என்றார். "அவ்வளவுதான். வேறை ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. நீர், உம்மடை என்று மரியாதையாகத்தான் பேசுவார். கொடுத்த காசைத் தந்து காணியைத் திருப்பி எடுப்பதாக அப்பா சொல்லி அனுப்பினார். "நான் இனி எங்கை போறது?" என்று ரீச்சர் மறுத்துவிட்டார். விழுந்த பக்கத்தைத் திரும்பக் கட்டவில்லை. வடக்கே மேட்டில் ஒரு சின்னக் குசினி போட்டார். அடுத்த ஆவணி வந்தது. ஊர் ஒன்றும் நடவாததுபோல ஓலை வாங்கி வேலி அடைத்தது, வசதியானவர்கள் இன்னும் மதில் கட்டினார்கள். ரீச்சர் மட்டும் ஆள் பிடித்துத் தன் தெற்கு வேலியைப் பிடுங்கி, பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி நட்டார். தலைமுறை தலைமுறையாக எங்கள் பகுதியில் வேலியைப் பின்னுக்கு வைத்த ஆள் அவர் ஒருத்திதான். விசர் ரீச்சர், பைத்தியம் பிடித்துவிட்டது என்று சனம் பேசியது. என் மதிலில் உடைத்த பொட்டை நான் அடைக்க விடவில்லை. அதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை. மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டு என்று மனம் சொன்னதை, அப்பாவிடம் பணமில்லை, புருஷனுக்கு லீவு இல்லை என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, எண்பதுகளும் பிறந்துவிட்டன.

என் மகள் அவருடைய வகுப்பில்தான் படித்தாள். கணக்கில் பின்தங்கிப் போனாள் என்று, நான் கேட்காமலே, பின்னேரங்களில் தன் வீட்டு விறாந்தையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மகள் அங்கேதான் சாப்பிட்டாள், அங்கேதான் விளையாடினாள், சில நாள் நித்திரையும் அங்கேதான். ரீச்சரோ எங்கள் வீட்டுப் படலை வரையும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார். உள்ளே வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "இல்லை, நேரம் போட்டுது" என்று ஒவ்வொரு முறையும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்காக நான் அவரிடம் ஒருபோதும் குறைப்பட்டதில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையை என் விறாந்தையில் இருக்க விட்டிருக்கவே மாட்டேன்.